எஸ்ஓபி எழுதித் தர லட்சக்கணக்கில் கொடுக்கறதுக்கு முன்னாடி, இந்தக் கணக்கைப் பாருங்க



வெளிநாட்டுப் படிப்புக்கான கல்விக் கடன் பற்றி நம்ம சேனல்ல வீடியோ போட்டதிலிருந்து ஒரே ஒரு கேள்வி விடாம வந்துக்கிட்டே இருக்கு. வட்டி விகிதம் பற்றியும் இல்லை, அடமானம் பற்றியும் இல்லை. "சார், பையனுக்கு எஸ்ஓபி எழுதித் தர கன்சல்டன்சில இவ்வளவு கேக்கறாங்க, கொடுக்கலாமா?" இதுதான். தொகை மட்டும் ஆளுக்கு ஆள் மாறுது. ஒருத்தர் பதினஞ்சாயிரம் என்கிறார், இன்னொருத்தர் ஒரு லட்சம் என்கிறார். பத்து காலேஜுக்கும் சேர்த்து 'பேக்கேஜ்' என்றால் இரண்டு, மூணு லட்சம் வரைக்கும் போகுது.

என் பதில்: கொடுக்காதீங்க.

காசை மிச்சம் பிடிக்கச் சொல்றேன்னு நினைக்க வேண்டாம். அம்பது லட்சம் செலவு பண்ணப் போற குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ஒரு பொருட்டான்னு நீங்க திருப்பிக் கேக்கலாம், நியாயமான கேள்விதான். நான் சொல்ற காரணம் வேற. அந்த அம்பது லட்சத்தைச் செலவு பண்ணலாமா வேண்டாமான்னு உங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே காகிதம் அந்தக் கட்டுரை. அதை வெளியாள் எழுதினா, கட்டுரை கிடைக்கும், ஆனா அந்தப் பதில் கிடைக்காது.

புதுசா வர்றவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பன்னிரண்டாவது முடிச்சு அமெரிக்காவுக்கு பி.எஸ். படிக்கப் போறவங்க பெரும்பாலும் 'காமன் ஆப்' வழியா விண்ணப்பிப்பாங்க. அதுல 250-லிருந்து 650 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை எழுதணும், அது போக ஒவ்வொரு காலேஜும் தனித்தனியா சின்னச் சின்னக் கேள்விகள் கேட்கும். பிரிட்டனுக்கு 'யுகாஸ்'. அங்கே மொத்தம் 4,000 எழுத்து. முன்னாடி ஒரே நீளக் கட்டுரையா இருந்ததை 2026 சேர்க்கையிலிருந்து மூணு கேள்வியா பிரிச்சுட்டாங்க: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படிச்சது உங்களை இதுக்கு எப்படித் தயார் பண்ணுச்சு, பாடத்துக்கு வெளியே வேற என்ன பண்ணீங்க. எம்எஸ், எம்பிஏ போறவங்களுக்கு எஸ்ஓபி. ஜெர்மனிக்கு மோட்டிவேஷன் லெட்டர். ஆஸ்திரேலியாவுக்கு விசா விண்ணப்பத்திலேயே, 2024 மார்ச்சிலிருந்து, ஒவ்வொண்ணும் 150 வார்த்தைக்குள் பதில் எழுதற மாதிரி கேள்விகள். பேர் வேற வேறயா இருந்தாலும், எல்லாத்துக்கும் அடியில் இருக்கிற கேள்வி ஒண்ணுதான். நீ யாரு, இதை எதுக்குப் படிக்கற?

இப்போ என் தொழில் பக்கமா வரேன்.

தொழில் கடனுக்கு பேங்குக்குப் போனா புராஜெக்ட் ரிப்போர்ட் கேட்பாங்க. அஞ்சு வருஷத்துக்கு விற்பனை எவ்வளவு வரும், லாபம் எவ்வளவு, தவணையை எதிலிருந்து கட்டுவீங்க, எல்லாம் அதுல இருக்கணும். இதை ரெண்டு விதமான ஆளுங்க கேட்டு வருவாங்க. முதல் ஆள் ஒரு பழைய டைரியோட வருவார். மாசம் எவ்வளவு சரக்கு போகுது, யார் எத்தனை நாள் கடன் வைக்கிறாங்க, மின்சார பில் எவ்வளவு, எல்லாம் அவர் கைப்பட எழுதியிருக்கும். நான் அதை ஒழுங்குபடுத்தி, பேங்குக்குப் புரியற பாஷையில் போட்டுக் கொடுப்பேன். ரெண்டாவது ஆள் வெறும் கையோட வருவார். "சார், 40 லட்சம் லோன் வேணும். அதுக்கு ஏத்த மாதிரி டிஎஸ்சிஆர் ஒண்ணரை வர்ற மாதிரி நீங்களே போட்டுடுங்க." டிஎஸ்சிஆர் என்பது உங்க வருமானம் கடன் தவணையைத் தாங்குமான்னு பார்க்கிற விகிதம். அவருக்கு அந்த விகிதம் பேங்க் தாண்ட வேண்டிய ஒரு கேட் மட்டும்தான். ஆனா அது பேங்குக்காக மட்டும் கேட்கப்படற கேள்வி கிடையாது. தவணை கட்டப் போறவர் அவர். இந்தக் கடையால் இந்தக் கடனைத் தாங்க முடியுமான்னு முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியவரும் அவர்தான்.

எஸ்ஓபி-யும் ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட்தான். தொழிலுக்குப் பதிலா உங்க பிள்ளையோட அடுத்த பத்து வருஷம், அவ்வளவுதான்.

எண்ணைப் போட்டுப் பார்த்தா இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். உதாரணத்துக்கு 40 லட்ச ரூபாய் கடன், 10.5 சதவீத வட்டி, ரெண்டு வருஷ எம்எஸ், படிப்பு முடிஞ்சு ஆறு மாசம் மொரட்டோரியம்னு வெச்சுக்குவோம். முதல் வருஷம் 20 லட்சம், ரெண்டாவது வருஷம் 20 லட்சம்னு பேங்க் பணம் விடுது. முதல் 20 லட்சத்துக்கு இரண்டரை வருஷ தனி வட்டி 5.25 லட்சம். அடுத்த 20 லட்சத்துக்கு ஒண்ணரை வருஷத்துக்கு 3.15 லட்சம். நடுவுல வட்டி கட்டாம விட்டா, தவணை ஆரம்பிக்கிற அன்னிக்கு நிக்கிற தொகை 48.4 லட்சம். பத்து வருஷத்தில் கட்டணும்னா மாசம் ஏறக்குறைய 65,300 ரூபாய், 120 மாசம். அமெரிக்காவில் வேலை கிடைச்சா இது பெரிய சுமை கிடையாது. கிடைக்காம பையன் திரும்பி வந்துட்டா, சென்னையில் புதுசா வேலைக்குச் சேர்ற ஒருத்தரோட கைச் சம்பளம் பல இடங்களில் இதைவிடக் குறைவு. கையெழுத்துப் போட்ட அப்பாவோட பென்ஷன்ல, அடமானம் வெச்ச வீட்டு மேல வந்து நிக்கும்.

இப்படி ஒரு கடனை வாங்கறதுக்கு முன்னாடி எந்த மனுஷனும் மூணு கேள்வி கேட்கணும். ஏன் இந்தப் படிப்பு? ஏன் இந்த யுனிவர்சிட்டி? முடிச்சுட்டு என்ன? எஸ்ஓபி-யில் எழுதச் சொல்றதும் இதே மூணுதான். கன்சல்டன்சிகாரர் இதுக்கு அழகா பதில் எழுதிடுவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அந்த 120 தவணையில் ஒண்ணுகூட அவர் கட்டப் போறதில்லை.

எங்ககிட்ட வருஷா வருஷம் நெட்வொர்த் சர்டிபிகேட்டுக்கு நிறைய குடும்பங்கள் வருவாங்க. வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்கும் விசாவுக்கும் குடும்பத்தோட சொத்து, வைப்புத்தொகை எல்லாம் ஒரு சிஏ சான்று கொடுக்கணும். அப்படி வந்தவர்களில் ஒருத்தர், நாமக்கல் பக்கம் லாரி டயர் ரீட்ரெடிங் பட்டறை வெச்சிருக்கார். பையன் பி.இ. மெக்கானிக்கல் முடிச்சவன். எம்எஸ்-க்கு ஒன்பது யுனிவர்சிட்டி லிஸ்ட், எல்லாத்துக்கும் எஸ்ஓபி ரெடி. அப்பா பெருமையா மொபைல்ல காட்டினார். "ஆடிட்டர் சார், படிச்சுப் பாருங்க, இங்கிலீஷ் பிரமாதமா இருக்குங்க."

இங்கிலீஷ் பிரமாதமாத்தான் இருந்தது. வேகமா மாறிவரும் உலகமயமான பொருளாதாரத்தில் சப்ளை செயினின் பங்கு என்னன்னு ஆரம்பிச்சு, சின்ன வயசிலிருந்தே அவனுக்கு அதில் தீராத ஆர்வம்னு போய், ஒரு பேராசிரியர் பேரைச் சொல்லி அவரோட ஆராய்ச்சி தன்னை ஆழமா பாதிச்சதுன்னு முடிஞ்சது. "தம்பி, இந்தப் புரொஃபசர் என்ன ஆராய்ச்சி பண்றார்?"னு கேட்டேன். பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா என்னைப் பார்த்தார்.

சரின்னு பேச்சை மாத்தி, "லீவுல பட்டறைக்குப் போவியா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான், அடுத்த இருபது நிமிஷம் நான் வாயே திறக்கலை. தேஞ்ச டயர் பட்டறைக்கு வந்ததும் மேல் ரப்பரைப் பார்க்க மாட்டாங்களாம், உள்ளே இருக்கிற கேசிங் நல்லா இருக்கான்னுதான் பார்ப்பாங்களாம். கேசிங் போயிருந்தா ரீட்ரெட் பண்ண முடியாது, திருப்பி அனுப்பிடணும். எந்த லாரிக்காரர் கொண்டு வர்றதில் எத்தனை ரிஜெக்ட் ஆகுதுன்னு ரெண்டு வருஷமா ஒரு எக்செல் ஷீட் வெச்சிருக்கான். ஒரு குறிப்பிட்ட ஓனரோட வண்டிகளில் மட்டும் ரிஜெக்ட் அதிகமா வந்திருக்கு. போய் விசாரிச்சா, பின் அச்சுல ஜோடி ஜோடியா இருக்கிற டயர்களில் வெளி டயருக்கு மட்டும்தான் டிரைவர்கள் காத்து செக் பண்றாங்க. உள் டயர் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எட்டாது, காத்து குறைஞ்சே ஓடி, சூடாகி, கேசிங் செத்துப் போகுது. இதை முன்கூட்டியே கணிக்க முடியுமாங்கிறதுதான் அவன் மண்டைக்குள்ள ஓடற கேள்வி.

"இது அந்த எஸ்ஓபி-ல எங்கேப்பா இருக்கு?"

"இதெல்லாம் எழுதக் கூடாதுன்னு சொன்னாங்க சார். பட்டறைன்னா ஒரு மாதிரி இருக்குமாம். புரொஃபஷனலா இருக்கணுமாம்."

அவனே மறுபடி எழுதினான். மூணு வாரம் ஆச்சு. இங்கிலீஷ் முந்தினது மாதிரி மினுமினுக்கலை. ஆனா எழுத எழுத அவனுக்கே ஒண்ணு தெளிவாச்சு. அவனுக்கு வேண்டியது சப்ளை செயின் இல்லை, ஒரு பொருள் எப்போ, ஏன் பழுதாகும்னு கணக்குப் போடற படிப்பு. ரிலையபிலிட்டி, குவாலிட்டி பக்கம். அந்தக் கண்ணோட பார்த்தா ஒன்பதில் அஞ்சு யுனிவர்சிட்டி அவனுக்குச் சம்பந்தமே இல்லாதது. லிஸ்ட் நாலாச்சு. விண்ணப்பக் கட்டணம் ஒண்ணுக்கு ஏறக்குறைய 100 டாலர்னு வெச்சாலும் 500 டாலர் மிச்சம், அது சின்ன விஷயம். தப்பான படிப்புல 40 லட்சம் போகாம நின்னதுதான் பெரிசு. இதை எந்தக் கன்சல்டன்சியும் அவனுக்குச் சொல்லியிருக்க முடியாது. ஏன்னா யாருக்கும் அது தெரியாது, எழுதி முடிக்கிற வரைக்கும் அவனுக்கே தெரியலை.

எழுதவே வராம நின்ன ஒரு பொண்ணும் உண்டு. சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் டெஸ்டிங் வேலை. ஏன் டேட்டா சயின்ஸ் எம்எஸ்ங்கிற பத்தியோட மூணு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருக்கு. கடைசியில் அதுவே சொல்லிச்சு: "ரூம்மேட்ஸ் எல்லாரும் போறாங்க சார், அதைத் தவிர காரணம் ஒண்ணும் தோணலை." அந்த வருஷம் விண்ணப்பிக்கலை. பேக்கேஜ் வாங்கியிருந்தா ஒரு வாரத்தில் எஸ்ஓபி ரெடியாகி, அடுத்த ஆகஸ்ட்ல விமானம் ஏறியிருக்கும், வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருந்திருக்கும்.

சரி, இவ்வளவு முக்கியமான ஒண்ணை நாம ஏன் இவ்வளவு சுலபமா விலைக்கு வாங்கறோம்? இதுல பிள்ளைங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். நம்ம பள்ளிக்கூடத்தில் கட்டுரைன்னா முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவுல உள்தலைப்பு, ரெண்டு மேற்கோள். நோட்ஸ்ல இருக்கிறதை மனப்பாடம் பண்ணி எழுதினா முழு மார்க். 'நூலகத்தின் பயன்'னு கட்டுரை எழுதின எத்தனை பேர் நூலகத்துக்குள்ளே போயிருப்போம்? தன்னைப் பற்றி, தான் நினைக்கிறதைப் பற்றி எழுதுன்னு பன்னிரண்டு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. அதுக்கப்புறம் கட்ஆஃப். கணக்கு நூறு, இயற்பியல் அம்பது, வேதியியல் அம்பது, மொத்தம் 200. பொறியியல் கவுன்சிலிங்கில் யாரும் 'நீ யாரு'ன்னு கேட்கிறதில்லை, ரேங்க் மட்டும்தான் பேசும். அந்த முறையை நான் குறை சொல்லவே மாட்டேன். சிபாரிசும் ஆங்கிலமும் இல்லாத வீட்டுப் பிள்ளைங்க லட்சக்கணக்கில் படிச்சு மேல வந்தது அந்த ஒத்தை எண்ணை நம்பித்தான். ஆனா அதே பிள்ளை திடீர்னு 650 வார்த்தையில் தன்னைப் பற்றி எழுதுன்னா திணறத்தான் செய்யும். அந்தத் திணறலைத்தான் ஒரு மொத்தத் தொழிலும் வியாபாரமாக்கியிருக்கு.

அந்த வியாபாரம் எப்படி நடக்குதுன்னும் பார்த்துடுவோம். 'எஸ்ஓபி ஃப்ரீ'ன்னு போர்டு வெச்சிருக்கிற இடங்கள் உண்டு. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்த்துவிட்ட ஏஜென்டுக்கு கமிஷன் கொடுக்குது. மியூச்சுவல் ஃபண்ட்ல ரெகுலர் பிளான், டைரக்ட் பிளான் வித்தியாசம் தெரிஞ்ச நம்ம வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃப்ரீயா எழுதிக் கொடுக்கிற எஸ்ஓபி எந்த யுனிவர்சிட்டி பக்கம் சாயும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இன்னொரு வகை, 'அட்மிஷன் கிடைச்சா மட்டும் மீதிப் பணம்'. கேட்க நல்லாத்தான் இருக்கும். எங்க தொழிலில் இந்த மாதிரி முடிவைப் பொறுத்துக் கட்டணம் வாங்கறதையே பொதுவாத் தடை பண்ணி வெச்சிருக்காங்க. முடிவு வந்தாத்தான் காசுன்னா, உண்மையைக் கொஞ்சம் வளைக்கலாமேன்னு யாருக்கும் தோணும். அதனாலதான் அந்தத் தடை.

வரிக் கணக்கும் ஒரு வரியில். கன்சல்டன்ட் ஜிஎஸ்டி பதிவு உள்ளவரா இருந்தா கட்டணத்துக்கு மேல 18 சதவீதம். இரண்டரை லட்ச பேக்கேஜ் 2.95 லட்சம் ஆகும். கல்விக் கடன் வட்டிக்கு பழைய வரி முறையில் கழிவு உண்டு, இந்தக் கட்டணத்துக்கு எந்த முறையிலும் ஒரு பைசா கழிவு கிடையாது.

இப்போ விலைக்கு வாங்கற கட்டுரையோட தரத்துக்கு வருவோம். 2007-ல் பிரிட்டனில் யுகாஸ் ஒரு சோதனை பண்ணாங்க. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல் மருத்துவம்னு போட்டி அதிகமா இருக்கிற இடங்களுக்கு வந்த ஏறக்குறைய 50,000 கட்டுரைகளை மென்பொருளில் போட்டு ஒப்பிட்டாங்க. எட்டு வயசில் தன் பைஜாமாவில் ஓட்டை விழற மாதிரி எரிச்சுக்கிட்ட கதையை 234 பேர் எழுதியிருந்தாங்க! இணையத்தில் கிடந்த ஒரு மாதிரிக் கட்டுரையிலிருந்து எடுத்தது. 234 பேருக்கும் அதே எட்டு வயசு, அதே பைஜாமா. இன்னிக்கும் யுகாஸ்ல வர்ற ஒவ்வொரு கட்டுரையும் ஒப்புமை சோதனைக்குப் போகுது. நம்ம ஊர்ல 'சின்ன வயசிலேயே பழைய கம்ப்யூட்டரைப் பிரிச்சுப் போட்டேன்'னு ஆரம்பிக்கிற எஸ்ஓபி-க்களை எண்ணினா, ஊருக்குள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர்கூட முழுசா இருந்திருக்காது.

"சார், அதான் சாட்ஜிபிடி இருக்கே, கன்சல்டன்சி எதுக்கு?"னு இப்போ கேட்கறாங்க. ஒரு விதத்தில் கேள்வி சரி. ரெண்டு லட்சம் வாங்கிட்டு எழுதித் தர்றவரும் அதைத்தான் பயன்படுத்தறார்னா, நீங்க எதுக்குக் காசு கொடுக்கறீங்க? ஆனா விதியைத் தெரிஞ்சுக்கோங்க. காமன் ஆப் 2023-லிருந்து ஏஐ எழுதிய உள்ளடக்கத்தைத் தன்னுடையதா காட்டறதை மோசடி பட்டியலில் சேர்த்திருக்கு. யுகாஸும் கட்டுரையையோ அதில் பெரும்பகுதியையோ ஏஐ-யிடம் எழுதி வாங்கறதை ஏமாற்றா எடுத்துக்கலாம்னு சொல்லுது. யோசனை கேட்கிறது, எழுத்துப்பிழை பார்க்கிறது வேற, அதை யுகாஸே ஒத்துக்குது. 2024-ல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம், கட்டுரைக்குத் தனியா மதிப்பெண் போடறதையே நிறுத்திடுச்சு. கட்டுரையைப் படிப்பாங்க, மாணவனைப் புரிஞ்சுக்கப் பயன்படுத்துவாங்க, ஆனா அந்த நடை அவனோட எழுத்துத் திறமைதான்னு இனி எடுத்துக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. இதை நம்ம பாஷையில் சொன்னா, மினுமினுப்புக்கு விலை போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரிஞ்ச விவரம். உள் டயர் காத்து மாதிரி.

கையெழுத்து பற்றி ஒண்ணு சொல்லணும், ஏன்னா என் பிழைப்பே அதுதான். நான் ஒரு சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டா அதுக்கு 18 இலக்க யூடின் நம்பர் வாங்கணும். உலகத்தில் யார் வேணும்னாலும் அதைப் போட்டு இது நான் கொடுத்ததுதானான்னு சரிபார்க்கலாம். நான் பார்க்காத கணக்குல கையெழுத்துப் போட்டா என் உரிமமே போகும். காமன் ஆப்ல உங்க பதினேழு வயசுப் பிள்ளையும், இதெல்லாம் என்னுடைய சொந்த எழுத்து, உண்மைன்னு உறுதி கொடுத்துத்தான் சப்மிட் பண்ணுது. பொய்னு தெரிஞ்சா அட்மிஷனை ரத்து பண்ணலாம், படிக்க ஆரம்பிச்ச பிறகும் நீக்கலாம். நீக்கினாலும் பேங்க் வட்டி நிக்காது.

எனக்கு அதிகம் பயம் வர்ற இடம் வேற ஒண்ணு. ஒரே ஃபைல்ல பையனோட கட்டுரை 'ஒரு வேளை சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட குடும்பம்'னு அழும், அடுத்த பக்கத்தில் என்னோட சான்று 'குடும்ப நிகர சொத்து 1 கோடியே 80 லட்சம்'னு சொல்லும். கஷ்டக் கதை எழுதினா ஸ்காலர்ஷிப் கிடைக்கும்னு யாரோ சொல்லிக் கொடுத்திருப்பாங்க. இந்த மாதிரி கட்டுரையோட வர்றவங்களுக்கு, அதை மாத்தற வரைக்கும் நான் சான்று கொடுக்கிறதில்லை. 2024-ல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஒரு இந்திய மாணவர் போலி ஆவணங்கள் கொடுத்து, உயிரோட இருக்கிற அப்பாவை இறந்துட்டார்னு காட்டி உதவித்தொகை வாங்கினது வெளியே வந்து, கைதாகி, படிப்பு போய், இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியதாச்சு. அது உச்சக்கட்டம்தான், எல்லாரும் அங்கே போய் முடியறதில்லை. ஆனா அந்தப் பாதையோட முதல் படி, 'கொஞ்சம் சேர்த்துக்கலாம் சார், யாரு பார்க்கப் போறா'ங்கிறதுதான்.

இதுக்கு எதிரா ஒரு நல்ல வாதம் உண்டு, அதை ஒதுக்க முடியாது. கான்வென்ட் வீட்டுப் பிள்ளைக்கு அம்மா திருத்துவாங்க, அமெரிக்காவில் இருக்கிற மாமா படிச்சுப் பார்ப்பார். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படிச்சு, வீட்டில் முதல் பட்டதாரியா வர்ற பிள்ளைக்கு யார் இருக்கா? அவங்க காசு கொடுத்து உதவி வாங்கறது எப்படித் தப்பாகும்? தப்பே இல்லை. உதவி வாங்கட்டும். எழுதறதுக்குக் கொடுக்க வேண்டாம், படிச்சுப் பார்த்துக் கேள்வி கேட்கறதுக்குக் கொடுங்க. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு பேசி, ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். 'இந்த வரி புரியலை', 'இதை ஏன் செய்த?', 'இங்கே இன்னும் சொல்லு'ன்னு ஓரத்தில் எழுதித் தரட்டும். வரியை மாத்தி எழுதித் தரக் கூடாது. பல நேரம் இதுக்குக் காசே வேண்டாம், காலேஜ்ல பாடம் எடுத்த ஒரு இங்கிலீஷ் டீச்சரோ, அதே யுனிவர்சிட்டியில் இப்போ படிக்கிற சீனியரோ செய்வாங்க. தமிழ்ல யோசிக்கிற பிள்ளை முதல் வரைவைத் தமிழ்லயே எழுதட்டும். விஷயம் வெளியே வந்த பிறகு இங்கிலீஷுக்கு அதுவே கொண்டு போகட்டும். சின்னச் சின்ன வாக்கியமா, இலக்கணம் சரியா இருந்தாப் போதும். ஏற்கனவே டோஃபல், ஐஇஎல்டிஎஸ் மார்க் அவங்க கையில் இருக்கு. 6.5 வாங்கின பிள்ளை ஷேக்ஸ்பியர் மாதிரி எழுதியிருந்தா அவங்களுக்கும் கண்ணு இருக்கில்ல?

அப்பா அம்மாவுக்கு ஒரு வேலை இருக்கு. பிள்ளை எழுதின எஸ்ஓபி-யைத் தமிழில் உங்ககிட்ட வாயால சொல்லச் சொல்லுங்க. என்ன படிக்கப் போற, ஏன் அங்கே, செலவு எவ்வளவு, வேலை கிடைக்கலைன்னா என்ன பண்ணுவ. அஞ்சு நிமிஷம். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா அதிகாரி கேட்கப் போறதும் பெரும்பாலும் இதைத்தான், அவர் அஞ்சு நிமிஷம்கூட கொடுக்க மாட்டார். டயர் பட்டறைக்காரர் இதைச் செஞ்சார். பையன் சொல்லி முடிச்சதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "அந்த உள் டயர் சமாச்சாரம் நம்ம பட்டறையிலயே கண்டுபிடிக்க முடியாதாடா?" பையன் முடியாதுன்னு சொல்லி, எதனாலன்னு விளக்கினான். அதுக்கப்புறம்தான் அவர் கடன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டார்.

மொரட்டோரியம் காலத்தில் மாசா மாசம் வட்டியை மட்டும் கட்டிட்டு வந்தா, மேலே சொன்ன 65,300 எவ்வளவா குறையும்னு அடுத்த வீடியோல எக்செல் போட்டுக் காட்டறேன்.